"கூகுளில் முதல் பக்கம், உத்தரவாதம்" என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள்

சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் சிறுதொழில் செய்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

எங்கள் தையல் கடைக்கு ஒரு சின்ன இணையத்தளம் இருந்தது. ரவிக்கைக் கூலி, ஆரி வேலைப் படங்கள், தீபாவளி ஆர்டர் எப்போது வரை எடுப்போம் என்பதெல்லாம் தங்கை எழுதியவை. உள்ளூர்க்காரர்கள் தேடினால் நாங்கள்தான் முதலில் வருவோம். ஈப்போ ஆட்களுக்கும் தெரியவைக்கிறோம் என்று ஒரு நிறுவனம் 3,000 வெள்ளி வாங்கியது.

ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி மாற்றி, ஏஐயை வைத்து நூற்றுக்கணக்கான பக்கங்களை ஏற்றிவிட்டார்கள். ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. ஒரு பக்கத்தின் முதல் வரியே "நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ" என்று இருந்தது. லூமுட் ஊருக்காகப் போட்ட பக்கத்தில், ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டுக் கடற்கரையில் காலாற நடக்கலாமாம். எங்களுக்கு அங்கே கடையே கிடையாது. மகளின் கல்யாணப் புடவையோடு தைப்பிங் முழுக்க எங்கள் 'கிளை'யைத் தேடி அலைந்த ஓர் அம்மா போன் செய்து, "ஏம்மா இப்படி ஏமாத்துறீங்க?" என்று கேட்டார். இன்னும் மனசு ஆறவில்லை.

கொஞ்ச நாளில் தங்கை எழுதிய பக்கங்களும் தேடலில் கீழே போய்விட்டன. கேட்டால், "கூகுள் அப்டேட், நாங்கள் என்ன செய்வது" என்றார்கள். அது சாக்கு. ஏஐயைப் பயன்படுத்துவதே தப்பு என்று கூகுள் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியிலேயே அதைத் தெளிவாக்கிவிட்டது. தரவரிசைக்காக மட்டும் மொத்தமாகப் பக்கங்களைக் குவித்தால், மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் ஸ்பேம்தான் என்று 2024 மார்ச்சில் விதியே போட்டது. இதுதான் தொழில் என்று காசு வாங்குகிறவர்களுக்கு இது தெரியாதா?

சரி, நடந்ததைச் சொல்லிவிட்டேன். யாராலும் முதலிடத்துக்கு உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அப்படியும் ஆள் வைப்பதாக இருந்தால், சர்ச் கன்சோல், அதாவது உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் கணக்கு, உங்கள் ஜிமெயிலில் இருக்கட்டும். எங்களுடையது அவர்கள் கையில் இருந்ததால், அதை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிய ஒரு காசும் வேண்டாம். உள்ளூர்க் கடைக்கு அதுவே பெரிய உதவி.

குப்பைப் பக்கங்களை அழித்துவிட்டோம். அழித்தவுடன் அவை தேடலிலிருந்து மறைவதில்லை, பழைய இடமும் திரும்பவில்லை. இப்போது அதே ஆட்கள் கல்யாணச் சமையல்காரர்களிடம் பேசி வருவதாகக் கேள்விப்பட்டேன். பணம் கட்டும் முன் எங்கள் கடைக்கு வாருங்கள், அந்தப் பக்கங்களை எடுத்து வைத்திருக்கிறேன், காட்டுகிறேன்.