கிளினிக்கா, போனா, வீடா? டி.எல்.டி உள்ள பிள்ளைக்கு வன்னியில் எது கைகொடுக்கும்

ஐந்து வயதாகியும் வசனம் கோர்க்கத் திணறும், சொன்னதில் பாதிதான் விளங்கும், ஆனால் விளையாட்டில் படு கெட்டியாக இருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இப்படியான பிள்ளைகளுக்கு இருக்கக்கூடியது விருத்திசார் மொழிக் கோளாறு (Developmental Language Disorder), சுருக்கமாக டி.எல்.டி. 2016இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு ஒன்றில், பாடசாலை தொடங்கும் வயதில் சுமார் 7.5 வீதமான பிள்ளைகளிடம் இது காணப்பட்டது. முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர். தாய் குறைவாகக் கதைத்ததாலோ, வீட்டில் இரண்டு மொழி இருந்ததாலோ இது வருவதில்லை.

அப்பம்மாமார் வழக்கமாகச் சொல்வது, "பொறுங்கோ, இவன்ர அப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்." இரண்டு வயதில் அது சரியாக இருக்கலாம், பிந்திக் கதைக்கும் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். ஐந்து வயதிலும் சிக்கல் இருந்தால் அது தானாக விலகுவது அரிது. டி.எல்.டி குடும்பங்களில் தொடரக்கூடியது என்பதால், அப்பாவின் கதை பொறுப்பதற்கான காரணம் அல்ல, பிள்ளையை நேரத்தோடு பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டுவதற்கான காரணம்.

காட்டுவதென்றால் எங்கே? புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து பரந்தனுக்கு பஸ், பிறகு ஏ9 வீதியால் யாழ்ப்பாணமோ வவுனியாவோ. ஒரு நாள் கூலி போய்விடும். களைத்துப் போன பிள்ளை அங்கே வாயே திறக்காது. அடுத்த திகதியும் தள்ளித்தான் கிடைக்கும். இருந்தாலும் முதல் தடவை நேரில் போகாமல் விடவேண்டாம். காதுப் பரிசோதனை போனில் நடக்காது, மற்றக் காரணங்களைப் பிரித்துப் பார்ப்பதும் நேரில்தான் சரிவரும்.

வீடியோ அழைப்பு பயணத்தை மிச்சமாக்கும். ஆனால் சின்னப் பிள்ளையைத் திரைக்கு முன்னால் அரை மணி நேரம் இருத்துவது பெரும்பாடு, சிக்னல் வேறு நடுவில் அறுந்துவிடும். அதைவிடத் தாய் தகப்பனோ அம்மம்மாவோ பிள்ளையோடு எப்படிக் கதைப்பது என்று சிகிச்சையாளரிடம் பழகிக்கொள்வதற்கு அதைப் பயன்படுத்துவது மேல். எங்கள் பேச்சுவழக்குத் தெரிந்தவராகப் பாருங்கள், இல்லாவிட்டால் வன்னிப் பேச்சையே பிழையென்று எழுதிவிடுவார்.

என்னைக் கேட்டால் மிகக்கூடிய பலன் வீட்டில்தான். கிளினிக்கில் கிடைப்பது அரை மணி நேரம், வீட்டில் நாள் முழுக்க. பிள்ளை "மாடு தண்ணி குடிச்சான்" என்றால், "அப்படிச் சொல்லாதே" என்று தடுக்காமல், "ஓம், மாடு தண்ணி குடிச்சது" என்று சரியாகத் திருப்பிச் சொல்லுங்கள். "நேற்று குளத்துக்குப் போறம்" என்றால், "ஓம், நேற்று குளத்துக்குப் போனம். அங்க என்ன பார்த்தனி?" கேட்டுவிட்டுப் பொறுமையாக இருங்கள், அவனுக்குச் சொல் தேட நேரம் வேண்டும். "சொல்லு, சொல்லு" என்று வருத்துவதால் பயன் இல்லை. ஆனால் எந்த இலக்கை எடுப்பது, எப்போது மாற்றுவது என்பதைச் சிகிச்சையாளர் சொல்லாவிட்டால் வீட்டு முயற்சி திசை மாறும். அதனால் கிளினிக்கை வழிகாட்டியாகவும் வீட்டை வேலைத்தளமாகவும் வைத்துக்கொள்வதுதான் என் தெரிவு.

பாடசாலையில் சாதாரண வகுப்பா, விசேட கல்வி அலகா? அலகில் பிள்ளைகள் குறைவு, ஆசிரியர் அருகில் இருப்பார். ஆனால் அங்கே பலவகைத் தேவையுள்ள பிள்ளைகள் ஒன்றாக இருப்பார்கள். சரளமாகக் கதைக்கும் சகபிள்ளைகளின் பேச்சு டி.எல்.டி பிள்ளைக்குக் கிடைக்காமல் போகலாம். நான் சாதாரண வகுப்பையே எடுப்பேன், மூன்று விடயம் கேட்டுக்கொண்டு: முன்வரிசை, ஒரு தடவைக்கு ஒரே கட்டளை, முடிந்த இடத்தில் படம். புலமைப்பரிசில் வயதில் கணக்குத் தெரிந்த பிள்ளையும் வசனக் கணக்கில் தடக்குப்படும், ஏனென்றால் தடை எண்ணில் இல்லை, வசனத்தில். அதை வாசித்து விளக்க ஆசிரியர் தயாராக இல்லையென்றால், அல்லது பிள்ளைக்குப் பேச்சு மிகக் குறைவாக இருந்தால், அலகு நல்லது. ஒரு தவணை பார்த்துவிட்டு ஆசிரியரோடு திரும்பவும் கதையுங்கள்.