ஷார்ஜாவில் வாங்கிய பெரிடாட்: கல்லுக்கு ஐந்து நட்சத்திரம், கடைக்கு இரண்டரை

பெரிடாட் என்ற பச்சை ரத்தினம் பட்டை தீட்டியதாக எந்த நகைக்கடையிலும் கிடைக்கும், எனக்கு வேண்டியது பூமிக்குள்ளிருந்து வந்த அதே வடிவில் இருக்கும் முழுப் படிகம். ஆறு மாதம் தேடி ஷார்ஜாவில் ஒரு கடையில் 650 திர்ஹமுக்கு வாங்கினேன், இரண்டரை சென்டிமீட்டர் நீளம், 11 கிராம்.

முதலில் கல். பாகிஸ்தானின் கோஹிஸ்தான் சரக்கு. அங்கே சபத் பக்கம் 4,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் 1990-களில் கிடைக்க ஆரம்பித்த பிறகுதான் படிகம் சேர்க்கும் எங்களைப் போன்றவர்கள் கைக்கு நல்ல படிகங்களே வந்தன. அமெரிக்காவில் அரிசோனாவின் சான் கார்லோஸிலும் பெரிடாட் நிறைய உண்டு, ஆனால் அங்கே பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் பெரும்பாலும் மணிமணியாகத்தான் இருக்கும், தட்டையான முகங்கள் விழுந்த படிகம் அபூர்வம். பழைய பெருமையெல்லாம் செங்கடலில் உள்ள ஜபர்கத் தீவுக்கு. ரோமானிய எழுத்தாளர் பிளினி காலத்தில் 'டோபாஸ்' என்று சொன்னது இன்றைய டோபாஸ் இல்லை, அந்தத் தீவின் பெரிடாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுமார் 311 காரட் கல்லும் அங்கிருந்து போனதுதான். ஜபர்கத் படிகம் நான் வாங்கும் விலையில் இல்லை, அந்தப் பேச்சு வேண்டாம்.

என் படிகத்தின் பக்கங்களில் நீளவாக்கில் சன்னமான வரிகள், உள்ளே முடி போலக் கறுப்பு ஊசிகள். கடைக்காரர் அதை ரூட்டைல் என்ற டைட்டேனியம் கனிமம் என்றார். கோஹிஸ்தான் கல்லில் இருப்பது லட்விகைட் வகை, போரான் கலந்த கனிமம், அதை அவரிடம் சொல்லி வாதாடவில்லை. பத்து மடங்கு லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் ஒரு ஊசி இரண்டாகத் தெரிகிறது, ஏனென்றால் பெரிடாட் ஒளியை அவ்வளவு பிரிக்கும். இதையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், சாப்பாடு ஆறிவிட்டது.

சரி, இப்போது குறை. வீட்டில் விளக்கை அணைத்து யூவி (புற ஊதா) டார்ச் அடித்தேன். பெரிடாட்டில் இரும்பு இருப்பதால் அது ஒளிராது, கறுப்பாகவே கிடக்கும். ஆனால் நுனிக்குக் கீழே மயிரிழை அகலத்தில் ஒரு நீலவெள்ளைக் கோடு பளிச்சென்று ஓடியது. பசை! உடைந்த நுனியை ஒட்டியிருக்கிறார்கள். மறுநாள் போய்க் கேட்டதும் "எல்லாரும் செய்வதுதான் பாய்" என்று சொல்லி 150 திர்ஹம் திருப்பிக் கொடுத்தார். ஒட்டியது தப்பில்லை, முன்பே சொல்லாததுதான் எரிச்சல்.

அப்புறம், கறையை எடுக்கிறேன் என்று யாரும் அமிலத்தில் போட்டுவிடாதீர்கள், ஹைட்ரோகுளோரிக் இந்தக் கல்லையே தின்னும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

கடைக்காரர் கொடுத்த சீட்டில் 'பெரிடாட், பாகிஸ்தான்' என்று மட்டும் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு நானே எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டேன்: 'கோஹிஸ்தான், லட்விகைட் ஊசிகளுடன், நுனி ஒட்டியது.'