கழுத்து அட்டையைப் பார்த்து 75,000 ரூபாய் கொடுத்தேன்

மட்டக்களப்பு மாவட்டத்தில், களுவாஞ்சிகுடி பிரதான வீதியில் எனக்கு ஒரு சின்ன ஹாட்வெயார் கடை. 2024 மார்ச் கடைசி. புதுவருடத்துக்கு வீடு பூசும் சனம் பெயின்ட் வாங்க நெருக்கியடித்து நின்ற நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். நீளக்கைச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் பைல். "இன்லண்ட் ரெவனியூ, கொழும்பிலிருந்து வாறம்." வரி வாங்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களமாம். அவ்வளவுதான் சொன்னார்கள். நான் கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, கடைப் பெடியனைச் சோடா வாங்க அனுப்பினேன்.

அந்த அட்டையை நான் வாசிக்கவே இல்லை. படம் இருந்தது, முத்திரை மாதிரி ஏதோ இருந்தது.

பில் புத்தகம் கேட்டார்கள், கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்தார்கள். மூத்தவர் கல்குலேட்டரைக் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, நான் வற் எனும் பெறுமதி சேர் வரிக்குப் பதிந்திருக்க வேண்டும் என்றும், தண்டத்தோடு 12 இலட்சம் கட்ட வரும் என்றும், கடைக்கு சீல் வைக்கலாம் என்றும் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "முதலாளி, இதப் பெரிசாக்காம முடிக்கலாம்." 2 இலட்சத்தில் தொடங்கி 75,000இல் நின்றது. வரியில் எங்கேயாவது பேரம் உண்டா என்று அப்போது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. போகும்போது இரண்டு பில் புத்தகங்களையும் 'பரிசோதனைக்கு' என்று தூக்கிக்கொண்டு போனார்கள். காசுக்கும் துண்டில்லை, புத்தகத்துக்கும் துண்டில்லை.

ஏன் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். முந்தின வருடம் இரண்டு மாதம் நான் பில் ஒழுங்காக எழுதவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்தானே. 2024 ஜனவரியில்தான் வற் 15 வீதத்திலிருந்து 18 ஆகியிருந்தது. பதிவு எல்லையைக் குறைத்துவிட்டார்கள் என்று கடைக்காரர் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வரி செலுத்துவோருக்கான டின் இலக்கக் கதை வேறு.

இரவு அம்மாவிடம் சொன்னேன். "கடிதம் ஒண்டும் கேக்கல்லயா மனே?" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்ற மனுசி.

வெட்கத்தில் பத்து நாள் அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறகுதான் மட்டக்களப்பில் என் கணக்குப் பார்ப்பவரைப் போய்ப் பார்த்தேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் கோபப்பட்டார். வற் பதிவு எல்லை அப்போது வருடத்துக்கு 8 கோடியிலிருந்து 6 கோடிக்குத்தான் இறங்கியிருந்தது. காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி. என் கடையில் மூன்று மாதத்தில் 60 இலட்சம் ஓடினாலே பெரிய காரியம். பயப்படவே தேவையில்லாத ஒன்றுக்குப் பயந்திருக்கிறேன்.

அவர் சொன்னதில் ஒரு விஷயத்தைத்தான் எல்லாரும் மனதில் வைக்க வேண்டும். உண்மையான வரி உத்தியோகத்தருக்கு அதிகாரம் இல்லாமல் இல்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் கடைக்குள் வரவும், கணக்கைப் பார்க்கவும், பிரதி எடுக்கவும் அவர்களுக்கு இடம் கொடுக்கிறது. நாங்களும் ஒத்துழைக்கத்தான் வேண்டும், கணக்குகளை 5 வருடம் பத்திரப்படுத்தத்தான் வேண்டும். (இதைச் சொன்னதும் பக்கத்துக் கடை மச்சான், "இனி யார் வந்தாலும் அடிச்சுக் கலைப்பன்" என்று நின்றார். அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.) ஆனால் அந்த அதிகாரம் கழுத்து அட்டையோடு வருவதில்லை. இறைவரித் திணைக்களத் தலைவரான ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அதிகாரம் கையில் இருக்க வேண்டும். நாங்கள் கேட்டால் காட்ட வேண்டும். அதைக் காட்ட முடியாதவருக்குக் கடைக்குள் நிற்க உரிமையில்லை.

வாயால் சொன்ன 12 இலட்சமும் வரி ஆகாது. மேலதிக வரி என்றால் மதிப்பீட்டு அறிவித்தல் எழுத்தில் வரும். உடன்பாடில்லை என்றால் 30 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம், அதற்கு மேலும் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. காசு வங்கியிலோ இணையத்திலோ கட்டுவது. உத்தியோகத்தரின் பைலுக்குள் வைப்பதல்ல.

வந்தவர்கள் போலிகளா, உண்மையான உத்தியோகத்தர்கள் இலஞ்சம் வாங்கினார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், கடிதத்தைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் இருங்க, 1944க்கு எடுத்துக் கேட்கிறேன்" என்று இறைவரித் திணைக்கள இலக்கத்தைச் சுழற்றியிருந்தால் அன்றே வெளுத்திருக்கும். இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கம் இருக்கிறது. கேட்கும்போதே எடுங்கள். கொடுத்த பிறகு எடுத்தால், கொடுத்ததும் குற்றம் என்று சட்டம் சொல்கிறது. நான் பத்து நாள் வாய் மூடி இருந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

பொலிசில் முறைப்பாடு எழுதினேன். கமராப் பதிவு கேட்டார்கள். என் கமரா ஏழு நாளில் பழையதை அழித்துவிடும். கடைக்கு வந்த அந்த இரண்டு பேரும் கலண்டரில் எழுதித் தந்த போன் இலக்கமும் வேலை செய்யவில்லை.

பில் புத்தகங்கள் இன்னும் வரவில்லை. அந்த மாதங்களின் கணக்கை வங்கிப் புத்தகத்தையும் கம்பனிகளின் இன்வொயிஸ்களையும் வைத்துக் கணக்காளர் புதிதாக எழுதித் தந்தார். அதற்குக் கூலி 15,000. அவர் துண்டு தந்தார்.