ஸ்கிராட்ச்சா, பைத்தானா: ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எதில் தொடங்கலாம்?

பிள்ளைக்கு புரோகிராமிங் சொல்லித்தர எதில் தொடங்கலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் வரிவரியாகத் தட்டச்சு செய்யும் மொழியான பைத்தான் என்பார்கள். வேலைவாய்ப்பை நினைத்துச் சொல்லும் பதில் அது. ஆறாம் வகுப்புக்கு நான், கட்டளைகளைப் பிளாக்குகளாக இழுத்துச் செருகும் ஸ்கிராட்ச்சைத்தான் சொல்வேன். பைத்தான் எட்டாம் வகுப்பு முடிந்ததும் வரட்டும்.

இரண்டிலும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம்: சதுரம் வரைவது. ஸ்கிராட்ச்சில் முதலில் பேனாவைச் சேர்த்து, அதைக் கீழே வைக்கும் பிளாக்கையும் போட வேண்டும். பிறகு ‘4 முறை செய்’ என்ற பிளாக்குக்குள் ‘100 அடி நகர்’, ‘90 பாகை திரும்பு’ இரண்டையும் இழுத்துச் செருகினால் சதுரம் வந்துவிடும். பொருந்தாத பிளாக் ஒட்டவே ஒட்டாது என்பதால் எழுத்துப்பிழைக்கு வழியில்லை. அடுத்து முக்கோணம் கேளுங்கள். 4ஐ 3 ஆக்கிவிட்டு, 90க்குப் பதில் 60 போடுவார்கள். திரையில் அறுகோணத்தின் பாதிதான் வரும். திரும்ப வேண்டியது உட்கோணம் அல்ல, வெளிக்கோணமான 120 என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். பதினோரு வயதில் செய்து பார்க்க வேண்டிய தவறு இந்த மாதிரித் தவறுதான்.

பைத்தானோடு வரும் படம் வரையும் தொகுப்பான டர்ட்டிலில் அதே சதுரம் நான்கே வரி. ஆனால் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ஃபார் வரியின் கடைசியில் முக்காற்புள்ளி விடுபடும், அடுத்த வரியின் தொடக்கத்தில் இடைவெளி தவறும், உடனே ஆங்கிலத்தில் பிழைச்செய்தி வந்து நிற்கும். தமிழ்வழிப் பிள்ளை கோணத்தை விட்டுவிட்டு அந்த ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். கோப்புக்கும் டர்ட்டில் என்றே பெயர் வைத்துவிட்டால் இன்னும் மோசம். உண்மையான டர்ட்டிலுக்குப் பதில் பைத்தான் அந்தக் கோப்பையே எடுத்துக்கொள்ளும், எழுதியதெல்லாம் சரியாக இருந்தும் ஓடாது. பைத்தான் 3இல், மதிப்புகளைப் போட்டுவைக்கும் மாறிகளுக்கு ‘மதிப்பெண்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது நல்ல வசதி. கட்டளைகள் என்னவோ ஆங்கிலம்தான்.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் 1967இல் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியில் நகர்ந்து கோடு வரையும் ஆமைதான் பைத்தானில் டர்ட்டிலாக இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மீடியா லேபிலிருந்து 2007இல் வெளிவந்த ஸ்கிராட்ச்சும் அதே சிந்தனையில் வளர்ந்தது. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது சிரமமில்லை.

பள்ளி லேபில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் என்றால் ஸ்கிராட்ச் செயலியை நிறுவிவிட்டு இணையம் இல்லாமலே நடத்தலாம். லினக்ஸுக்கு அதிகாரப்பூர்வச் செயலி இல்லை, பிரவுசரில்தான் திறக்க வேண்டும். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவில் பைத்தான் கூடவே வரும், டர்ட்டில் ஓட, சாளரம் திறந்து காட்டும் டிகேஇன்டரைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

சி++ என்ற இன்னொரு நிரல்மொழி இந்தப் போட்டியிலேயே இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டுக்குப் பைத்தான் என்று வைத்தார்கள். சி++இல் ஒரு வணக்கம் திரையில் வருவதற்குள் ஹேடர், மெயின், அடைப்புக்குறி, அரைப்புள்ளி என்று புரியாத நாலைந்தை மனப்பாடம் செய்ய வேண்டும். பாடநூல்களின் இந்த வரிசையைத் தலைகீழாக்கியிருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஸ்கிராட்ச் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் வருகிறது, அது ரொம்பவே தாமதம்.

ஸ்கிராட்ச்சுக்கும் எல்லை உண்டு. சில பிள்ளைகள் திரையில் வரும் பூனைப் பாத்திரத்துக்கு உடை மாற்றியே பீரியடைக் கழித்துவிடுவார்கள். நிரல் பெரிதானால் பிளாக்குகள் திரை முழுக்கச் சிதறி, எது எங்கே என்று தேட வேண்டிவரும். முக்கியமான குறை வேறு: நாமே உருவாக்கும் பிளாக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பித் தராது, விடையை ஒரு மாறியில் போட்டுவைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்தச் சுற்றுவழி பிள்ளைக்கே எரிச்சலூட்டத் தொடங்கினால் தயங்காமல் பைத்தானைத் திறந்து, அதே சதுரத்தையும் முக்கோணத்தையும் மறுபடி வரையச் சொல்லுங்கள்.