டிஸ்க் போடற பெட்டியா, டிஜிட்டலா, கிளவுடா? கொங்கு வீட்டுக்கு ஒரு கேம் கன்சோல் கணக்கு

காந்திபுரத்துக் கடையில கேட்டாலும் ஈரோட்டுல கேட்டாலும் முதல் கேள்வி இப்ப இதுதான்: "டிஸ்க்குங்களா, டிஜிட்டலுங்களா?" டிஸ்க் என்றால் தட்டைப் போட்டு விளையாடுவது; டிஜிட்டல் என்றால் தட்டு போட இடமில்லை, கேமை நிறுவனத்தின் ஆன்லைன் ஸ்டோரில் வாங்கி டவுன்லோடு செய்வது. பிளேஸ்டேஷனா எக்ஸ்பாக்ஸா என்ற பழைய சண்டை பின்னால் போய்விட்டது. முன்கூட்டியே சொல்லிவிடலாம், இந்த அலசல் டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) பக்கம் சாய்ந்தது. வாங்கியதும் அதுதான். அதனால் அதற்கு இடமும் கூடுதலாகவே இருக்கும்.

படத் தெளிவு, வேகம் பற்றிச் சுருக்கமாக. பிஎஸ்5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸும் ஏறக்குறைய ஒரே தரம். சீரீஸ் எஸ் ஒரு படி கீழே. 43 அங்குல டிவியில் எட்டடி தள்ளி உட்கார்ந்தால் அந்தப் படி பெரிதாகத் தெரியாது. நின்டெண்டோவுக்கு இந்தியாவில் அதிகாரப்பூர்வ விற்பனை இல்லை. வாரண்டி என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பதால் அதை இங்கே எடுக்கவில்லை.

இனி விலைக்கு வருவோம். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் பதிப்பு 49,990, டிஜிட்டல் 39,990. 2024 ஏப்ரலில் ஸ்லிம் என்ற சின்ன மாடல் வந்தபோது 54,990, 44,990. இரண்டு தடவையும் இடைவெளி பத்தாயிரம். கடைக்காரர் "பத்தாயிரம் மிச்சமுங்க" என்று டிஜிட்டலைத் தள்ளிவிடுவது இந்த இடத்தில்தான். அந்தப் பத்தாயிரம் எத்தனை கேமில் திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வியே.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. புது கேம் வந்த வாரத்தில் டிஸ்க் 4,500 ரூபாய்க்கு வாங்கி, ஒரு மாதத்தில் முடித்து, சூடு ஆறுவதற்குள் 3,000-க்குக் கைமாற்றினால் விளையாடிய செலவு 1,500. அதே கேம் ஸ்டோரில் 4,999 என்றால் 4,999-ம் போனது போனதுதான். "நான் அவசரப்படமாட்டேன், பாதி விலை தள்ளுபடி வரட்டும்" என்பவருக்கும் கணக்கு மாறவில்லை. ஸ்டோரில் 2,500-க்கு வருகிற பழைய கேம், செகண்ட் ஹேண்ட் டிஸ்க்காக 1,800-க்குக் கிடைத்து 1,400-க்குத் திரும்ப விற்றால் செலவு 400. ஒரு கேமுக்கு 2,100 மிச்சம். ஐந்து கேமில் 10,500. பொறுமைசாலிக்கே ஐந்து கேம்தான். வந்த வாரமே வாங்குகிறவருக்கு மூன்றே கேம்.

இந்தக் கணக்கு நிற்பது மறுவிற்பனை நடக்கிற ஊரில் மட்டும்தான். கொங்குப் பக்கம் நடக்கிறது. கோவையில் வாங்கிய டிஸ்க்கைப் பொள்ளாச்சிக்காரர் எடுக்கிறார், அது பார்சல் சர்வீஸில் மறுநாள் சேலம் போகிறது. டிஸ்க்குக்குப் பெயர் இன்னும் "சிடி"தான். ஆனால் சிடி மாதிரி அதை நடத்தக்கூடாது. டிவிடியில் டேட்டா அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும். பிஎஸ்5 டிஸ்க் ப்ளூரே வகை, அதில் வெறும் 0.1 மில்லிமீட்டர். அதன் மேல் ஒரு கெட்டிப் பூச்சு உண்டு, அதனால் லேசில் கீறல் விழாது. விழுந்தால் தேய்த்து எடுக்கவும் முடியாது. பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது, பாலிஷ் மெஷினில் விடுவது எல்லாம் டிவிடி காலத்து வைத்தியம். இங்கே செய்தால் அந்தப் பூச்சோடு டிஸ்க்கும் போய்விடும். கைரேகை பட்டிருந்தால் மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்தால் போதும். வட்டமாகத் துடைக்காதீர்கள்.

பழசு வாங்கும்போது செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மயிரிழைக் கீறல் பரவாயில்லை. டிராக்கோடு சேர்ந்து வட்டமாக ஓடும் கீறலும், நடு ஓட்டையைச் சுற்றி முடி போல விரிசலும் இருந்தால் வேண்டாம். அந்த விரிசல் உறையிலிருந்து அழுத்தாமல் பிடுங்கி எடுப்பதால் வருவது. நேரில் வாங்கினால் இன்ஸ்டால் பாதி தாண்டும்வரை விற்பவர் வீட்டிலேயே உட்காருவது நல்லது. படிக்காத டிஸ்க் பெரும்பாலும் இன்ஸ்டாலிலேயே காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த டிஸ்க்கும் நம் பெட்டியில் ஓடும். ஆனால் அதற்கான கூடுதல் கன்டென்ட்டை இந்திய ஸ்டோரில் வாங்கினால் சேராது, டிஸ்க்கின் விற்பனைப் பகுதியும் (ரீஜன்) அக்கவுன்ட்டின் பகுதியும் ஒத்துப்போக வேண்டும்.

டிஸ்க் என்றாலே கேம் முழுசாகக் கையில் இருக்கிறது என்றும் நம்பவேண்டாம். 2022-ல் வந்த கால் ஆஃப் டூட்டி மாடர்ன் வார்ஃபேர் 2-ன் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது 70 எம்பி சொச்சம். மீதி முழுக்க டவுன்லோடு. அட்டைப் பெட்டிக்குள் டிஸ்க்கே இல்லாமல் ஒரு டவுன்லோடு கோடு (code) மட்டும் வைத்து விற்பதும் உண்டு. அந்த டவுன்லோடு எண்ணை ஒருமுறை போட்டுவிட்டால் பெட்டி வெறும் பெட்டி. சர்வரை நம்பி ஓடும் கேமுக்கு டிஸ்க் இருந்தும் பயனில்லை: 2024 மார்ச் 31-ல் யூபிசாஃப்ட் 'தி க்ரூ' சர்வரை நிறுத்தியதும் அதன் டிஸ்க்குகள் எல்லாம் டீ கிளாசுக்கு அடியில் வைக்கத்தான் ஆயின.

டிஜிட்டல் பக்கம் கட்டுப்பாடு இதைவிடப் பல மடங்கு. பிளேஸ்டேஷன் அக்கவுன்ட் திறக்கும்போது போட்ட நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. துபாயில் இருக்கும்போது திறந்த அக்கவுன்ட்டோடு ஊருக்கு வந்தால் இந்திய கிஃப்ட் கார்டு அதில் ஏறாது. ஸ்டோரில் வாங்கியதைத் திருப்ப 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால் சாதாரணமாகப் பணம் வராது. அக்கவுன்ட்டுக்கு ஒரே ஒரு பிஎஸ்5-ல்தான் "கன்சோல் ஷேரிங் அண்டு ஆஃப்லைன் ப்ளே"யை ஆன் செய்யலாம். ஆன் செய்யாத பெட்டியில் நெட் போனால் வாங்கிய கேமுக்கும் பூட்டு. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்டு அக்கவுன்ட்ஸ், அதர் என்று போய் அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டெலிகிராமிலும் இன்ஸ்டாவிலும் "5,000 ரூபாய் கேம் 800-க்கு" என்று சல்லிசாக விற்கிறார்களே, அது கேம் இல்லை, அடுத்தவர் அக்கவுன்ட்டின் வாடகை. விற்றவர் தன் மெயிலை வைத்து பாஸ்வேர்டை மாற்றினால் கேம் போச்சு. நிறுவனம் கண்டுபிடித்து முடக்கினாலும் போச்சு. அதைவிட, பிள்ளைகள் விளையாடும் பெட்டியில் முகம் தெரியாத ஒருவர் கணக்கு உட்கார்ந்திருக்கிறது.

டிஜிட்டல் ஸ்லிம் வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. அதற்கு டிரைவைத் தனியாக வாங்கிப் பிறகு மாட்டலாம். பக்கவாட்டு மூடியைக் கழற்றி அழுத்தினால் உட்காரும். முதல் தடவை நெட்டில் இணைத்துப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஸ்லிம்முக்கு முந்தைய 2020 மாடல் டிஜிட்டலில் இது முடியாது. 2020 டிஸ்க் மாடலைப் பழசாக வாங்குவதானால் இன்னொரு எச்சரிக்கை: டிரைவின் போர்டு மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. டிரைவை முழுசாக மாற்றினால் டிஸ்க் ஓடாது. மெக்கானிக் பழைய போர்டைக் கழற்றிப் புது டிரைவில் மாட்டித் தரவேண்டும். வாங்கும் முன் ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் டிஸ்க்கே இல்லாத பெட்டி. 512 ஜிபி சேமிப்பில் கைக்குக் கிடைப்பது 364 ஜிபி. பெரிய கேம் மூன்று நாலு வைத்தால் நிறைந்துவிடும். கூட்ட வேண்டுமானால் அதற்கென்றே உள்ள எக்ஸ்பான்ஷன் கார்டுதான் மாட்டவேண்டும். பிஎஸ்5-ல் கடையில் கிடைக்கும் நாலாம் தலைமுறை எம்.2 எஸ்எஸ்டியையே போடலாம். சீரீஸ் எஸ்ஸின் பலம் கேம் பாஸ், மாதச் சந்தா கட்டிப் பல கேம் ஆடும் திட்டம். ஆனால் 2025 அக்டோபரில் அதன் உயர் வகையான அல்டிமேட் சந்தா மாதம் 829-லிருந்து 1,389 ஆனது. அந்த விலையில் வருடத்துக்கு 16,668 ரூபாய். நிறுத்திய அன்று கையில் ஒன்றும் மிஞ்சாது.

கிளவுட் கேமிங் என்றால் கேம் நிறுவனத்தின் சர்வரில் ஓடும், படம் மட்டும் நெட்டில் நம் டிவிக்கு வரும். அதில் எக்ஸ்பாக்ஸ் 2025 நவம்பரில்தான் இந்தியாவுக்கு வந்தது. பிளேஸ்டேஷனின் சந்தாவான பிளஸ் டீலக்ஸில் இந்தியாவுக்கு ஸ்ட்ரீமிங் கிடையாது. கிளவுட் 20 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் மணிக்கு 9 ஜிபி. நாளுக்கு 2 ஜிபி மொபைல் பேக்கில் கால் மணி நேரம்கூடத் தாங்காது. ஃபைபரில் டேட்டா கவலை இல்லை, அங்கே பிரச்சினை ஜிட்டர், அதாவது பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம்) ஏறி இறங்குவது. நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) ஓடினால் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட். பிங் 20-லிருந்து திடீரென்று 60-க்குத் தாவினால் கிரிக்கெட் கேமில் மட்டையைச் சுழற்றுவதற்குள் பந்து கீப்பர் கையில் இருக்கும். ராத்திரி 9 மணிக்கு லேப்டாப்பில் நூறு தடவை பிங் விட்டு, சராசரியை விட்டுவிட்டு அதிகபட்சத்தைப் பாருங்கள். வைஃபையை விட்டு லேன் கேபிள் போட்டால் பாதித் தாவல் அடங்கும். இதெல்லாம் கோவை நகருக்குள் ஃபைபரில் பார்த்ததை வைத்துச் சொல்வது. தாளவாடிக்கும் வால்பாறைக்கும் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பராமரிப்பில் நம்ம ஊர் விஷயம் ஒன்று, பஞ்சு. திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறியோ பனியன் கம்பெனியோ ஒட்டிய வீடென்றால் மூன்று மாதத்தில் ஃபேன் வாயில் படலம் கட்டிவிடும். பவரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்க மூடிகளைக் கழற்றி, வேக்கம் கிளீனரில் மெதுவாக இழுங்கள். பட்டறையில் கம்ப்ரஸர் இருக்கிறதே என்று அதில் அடிக்கக்கூடாது. காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும், ஃபேன் கண்டபடி சுற்றி பேரிங் போகும். அடித்தே ஆகவேண்டுமென்றால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ்5 விளையாடும்போது 200 வாட்ஸ் அளவுக்கு இழுக்கும். சீரீஸ் எஸ் அதில் பாதிக்கும் கீழே. இந்த இடத்தில் எக்ஸ்பாக்ஸ்தான் ஜெயிக்கிறது. தினம் இரண்டு மணி நேரம் என்றால் பிஎஸ்5-க்கு இரண்டு மாத பில்லில் 24 யூனிட், டிவி தனி. கரண்ட் போகும்போது பெட்டி ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள சுவிட்சை நார்மலிலிருந்து யுபிஎஸ்ஸுக்குத் தள்ளுங்கள். மாறும் இடைவெளி குறையும். சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சேவ் ஃபைலே கெடும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

தனியுரிமையில் எந்த நிறுவனமும் உத்தமம் இல்லை. 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் 7 கோடியே 70 லட்சம் அக்கவுன்ட் விவரம் திருடு போனது. அதனால் கார்டைச் சேமிக்காமல் கிஃப்ட் கார்டில் வாங்குங்கள், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பிஎஸ்5-ல் பிரைவசிக்குள் "டேட்டா யூ ப்ரொவைடு" என்பதை லிமிடெட் ஆக்குங்கள். எக்ஸ்பாக்ஸில் ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டாவை அணையுங்கள். கிளவுடில் அழுத்தும் ஒவ்வொரு பட்டனும் அவர்கள் சர்வருக்குப் போய்த்தான் ஆகவேண்டும். முழுசாக டிஸ்க்கிலேயே இருக்கும், சர்வரை நம்பாத கேமை நெட்டைப் பிடுங்கிவிட்டும் விளையாடலாம்.

கால்பந்து கேம் மட்டும் ஆடுகிறவர்களுக்கு ஒரு தேதிக் கணக்கு: ஈஏ எஃப்சி வருடாவருடம் செப்டம்பர் கடைசியில் புதிதாக வரும். பழைய டிஸ்க்கை ஜூலைக்குள் தள்ளிவிட வேண்டும், அக்டோபரில் யாரும் சீண்டமாட்டார்கள். வீட்டில் பிள்ளைகள் ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்றால் மேலே சொன்ன டிஸ்க் கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே சீரீஸ் எஸ் போதும், மிச்சப் பணத்தில் இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி மாட்டலாம்.