உணவுமுறைகளை ஒப்பிடும் ஒரு செயலி: குறிப்பேடாக நன்று, நீதிபதியாக அல்ல

மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையையும் கொழுப்பைக் குறைக்கும் உணவுமுறையையும் அடுத்தடுத்துக் கடைப்பிடிக்கச் செய்து, எது நமக்கு ஏற்றது என்று தீர்ப்புச் சொல்லும் கட்டணச் செயலி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். உண்டது, உறங்கியது, பசித்தது எல்லாவற்றையும் சிரமமில்லாமல் பதிய முடிகிறது. அந்த அளவில் குறையே இல்லை. கவலை தருவது அதன் தீர்ப்புதான்.

மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்திலேயே எடைக்கோடு சரிய, ‘இதுவே உங்களுக்கு உகந்தது’ என்று திரையில் பச்சை எழுத்தில் வந்துவிடுகிறது. மாவுச்சத்தை உடல் சேமித்து வைக்கும் வடிவமான கிளைகோஜன், கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் முதலில் வெளியேறுவது இந்த நீர்தான், கொழுப்பு அல்ல. இதைச் செயலி எங்கும் சொல்வதில்லை. மாவுச்சத்துக்குத் திரும்பியதும் நீரோடு ஏறும் எடையைச் சிவப்பில் காட்டி, மற்ற முறையின் தோல்வியாகவே கணக்கிடுகிறது.

இதே இரு முறைகளையும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 609 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓராண்டு ஒப்பிட்டு, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாகக் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல்படி அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அல்ல. இரு பிரிவிலும் பெருமளவு இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். யாருக்கு எது பொருந்தும் என்பதை, ஆராய்ந்த மரபணு வகையோ இன்சுலின் சுரப்போ முன்கூட்டிக் காட்டவில்லை. செயலியின் ‘வெற்றிக் கதைகள்’ பக்கத்தில் இளைத்தவர்களின் படங்கள் மட்டுமே உள்ளன. அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியாதவரை அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

சொந்த அனுபவம் வீண் என்று நான் கருதவில்லை. கொழுப்பைக் குறைத்த நாட்களில் மாலைப் பசி என்னை வாட்டியது. எந்த முறையில் என்னால் நீடிக்க முடியும் என்பதை அந்தப் பதிவுதான் காட்டியது, ஆய்வின் சராசரி அல்ல. ஆனால் மாவுச்சத்தைக் குறைக்கும்போது சிலருக்கு ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் கூடும். அதை உடல் உணர்த்தாது, ரத்தப் பரிசோதனைதான் காட்டும். செயலி அதைக் கேட்பதே இல்லை.

குறிப்பேடாக மட்டும் பயன்படுத்த விரும்புவோர் தாராளமாகச் சந்தா கட்டலாம். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது: மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். பதிவுப் படிவத்தில் உயரம், எடை, வயது எல்லாம் கேட்கிறார்கள். மருந்து பற்றி ஒரு கேள்வி கூட இல்லை.