ஓயாமல் வழக்கு போடுபவருக்கு எது தடை: செலவுத்தொகையா, முன் அனுமதியா?

பென்னாகரம் பக்கம் ஒரே வரப்புக்காக ஒருவர் திரும்பத் திரும்ப வழக்கு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்புக்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு. தெரிந்தே போட்ட பொய் வழக்கு என்று ஆட்சேபித்து இழப்பீட்டுச் செலவு கேட்கலாம். நடக்கும் வழக்கிலேயே முடிந்துவிடும். ஆனால் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976 திருத்தம் வைத்த தொகை அது. தர்மபுரி நீதிமன்றத்துக்கு வாய்தா வாய்தாவாக பஸ் ஏறி, கூலியையும் இழந்த விவசாயிக்கு இது எந்த மூலைக்கு? வசதியுள்ளவர் கட்டிவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விடுவார்.

இரண்டாவது, மதராஸ் மாகாணத்தில் 1949-ல் வந்த தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டம். அட்வகேட் ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) மனு செய்து, உயர் நீதிமன்றம் உத்தரவிட்டால், அந்த நபர் சிவில், கிரிமினல் எதுவானாலும் முன் அனுமதி இல்லாமல் தொடுக்க முடியாது. சென்னைக்கு வெளியே அந்த அனுமதியைத் தர வேண்டியவர் மாவட்ட நீதிபதி. இதை 1965-ல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. கதவை முழுக்க அடைப்பதில்லை. நியாயமான வழக்குக்கு அனுமதி கிடைக்கும். அதனால் எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. சரி, சிக்கல் எங்கே? பாதிக்கப்பட்டவர் நேரடியாக மனு போட முடியாது. அட்வகேட் ஜெனரல் மனு செய்யும்வரை 35ஏ-வை ஒவ்வொரு வழக்கிலும் கேட்டு வையுங்கள். அந்த உத்தரவுகளே பின்னால் ஆதாரமாகும்.